என் நெற்றிப் பொட்டும் ஒரு ரீல்ஸும்

செங்கத்திலிருந்து வரும் பஸ் நின்றது. என் அண்ணன் இறங்கினார். பின்னாலேயே அண்ணி. அண்ணன் கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் மடிப்புக் கலையாத புதுப்புடவை ஒன்று எட்டிப் பார்த்தது. அண்ணியின் கால் தரையில் படும் முன்பே மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"என் ராசாத்தி, உன்ன இந்த மலையில தனியா வுட்டுட்டுப் போய்ட்டாரே, நாங்க ஒரு கை புடிச்சி நிக்கறதுக்குள்ள போய்ட்டாரே..."

மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். இலையில் கை வைத்திருந்தவர்கள் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார்கள். அண்ணி நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டு, என் தோளில் முகம் புதைத்து அழுதார். அண்ணன் வாசலிலேயே நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு அடுப்படியில் இருந்து என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். தோளில் துண்டு, கையில் குழம்புக் கரண்டி.

"இன்னா மச்சான், யாரு தவறிட்டாங்க?" என்றார்.

அண்ணியின் ஒப்பாரி பாதியில் நின்றது. அண்ணன் அந்த மஞ்சள் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒருத்தியின் புருஷன் இறந்துவிட்டால் பிறந்த வீட்டில் இருந்து அவளுக்குக் கோடிப் புடவை எடுத்து வருவார்கள். அண்ணன் எனக்காக எடுத்து வந்தது அந்தக் கோடிதான். யாருடைய சாவுக்காக எடுத்து வந்தாரோ அவர்தான் கரண்டியோடு நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நாங்கள் விளம்பரம் செய்யக் கிளம்பியதுதான்.

பலகையில் இருந்த பேர்

நாங்கள் மலையேறி வந்து ஜமுனாமரத்தூரில் கடை போட்ட கதையைப் போன வாரங்களில் படித்திருப்பீர்கள். கடையின் பெயர் 'கோதண்டம் மெஸ்'. கோதண்டம் என் வீட்டுக்காரர். சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் அவர் கைவேலை. நான் கல்லா, கணக்கு, வருகிறவர்களோடு பேச்சு. எனக்குக் கோழிக்குழம்பு வைக்க வராது. வராது என்றால் உண்மையிலேயே வராது, கூச்சத்துக்குச் சொல்லவில்லை. அவருக்கு நாலு பேரோடு பேச வராது. வாடிக்கையாளர் யாராவது பாராட்ட உள்ளே எட்டிப் பார்த்தால் அரிசி மூட்டைப் பக்கம் ஒதுங்கிவிடுவார். இப்படி ஆளுக்கு ஒரு பாதியாகத்தான் அந்தக் கடை ஓடியது.

நன்றாகவே ஓடியது. அப்புறம் கொஞ்ச நாளாக ஒரு மாற்றம் வந்தது. அருவி பார்க்க வருகிறவர்கள் காரை எங்கள் வாசலில் நிறுத்துவார்கள். நான் எழுந்து இலை எடுப்பேன். அவர்கள் கண்ணாடியை இறக்கி, "இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று என்னையே கேட்பார்கள். என் தலைக்கு மேலே பலகை தொங்குகிறது, உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை ரோடு வரைக்கும் வருகிறது. அவர்கள் கண் போனில் இருக்கும். போனில் நாங்கள் இல்லை. போனில் இல்லாதவர்கள் ஊரிலும் இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

சரி, போனிலும் இருந்துவிட்டுப் போவோம் என்று கடைக்கு ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பித்தேன். படத்தில் எங்கள் பெயர்ப் பலகையை வைத்தேன்.

லைக் என்கிற மொய்

ஆரம்பத்தில் எல்லாம் சொந்தக்காரர்கள்தான். படவேட்டில் இருக்கும் என் நாத்தனார் முதல் ஆளாக ஹார்ட் போட்டாள். அவள் மாமியார் வீட்டு ஆட்கள், ஓரகத்தி, ஓரகத்தியின் தங்கை என்று வரிசையாக வந்தது. குழம்புச் சட்டியைப் படம் எடுத்துப் போட்டால் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். எனக்கு ஒரே பெருமை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். நாத்தனார் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அண்ணி, நான் உங்க கடைக்கு ஒண்ணு வுடாம ஹார்ட் போட்டேன். என் பையன் வண்டி வாங்கினத போட்டேனே, நீங்க போட்டீங்களா?"

"நான் பாக்கலம்மா. இங்க டவரு இல்ல."

"கடைக்குப் போட மட்டும் டவரு கீதா?"

எங்கள் ஊர்க்காரர்கள் லைக்கை மொய்யாக்கிவிட்டார்கள். யார் எனக்கு வைத்தார்களோ அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் திருப்பி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மனஸ்தாபம். எங்கள் மலையில் போன் டவர் ஒழுங்காகக் கிடைப்பது பஸ் திரும்புகிற மேட்டில்தான். சாயங்காலமானால் நான் அங்கே போய் நின்றுகொண்டு, காதுகுத்து, வளைகாப்பு, புது டிராக்டர், பசங்க பிறந்தநாள் என்று தேடித் தேடி மொய் வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சமாதானம் ஆனார்கள். படவேட்டில் இருந்து ஒருத்தர்கூடச் சாப்பிட வரவில்லை. வந்தால் நான் காசு வாங்குவேனா என்ற சங்கடம் அவர்களுக்கு.

அந்த நேரத்தில்தான் பிரவீன் வந்து சேர்ந்தான். வேலூரில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனி வைத்திருப்பதாகச் சொன்னான். முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எல்லாம் ஃபேமிலி லைக். இதால ஒரு இட்லிகூட விக்காது" என்றான். அது உண்மை. உண்மையைச் சொல்லி உள்ளே வந்தவன் என்பதால்தான் அவனை நம்பினேன்.

காரிலிருந்து வந்த மண்சட்டி

ஒரு காலை கேமராவோடு வந்தான். காரின் பின்பக்கத்தைத் திறந்து மண்சட்டி ஒன்றை இறக்கினான். நாங்கள் சமைப்பது பெரிய அலுமினிய அண்டாவில், கேஸ் அடுப்பில். "அது வேணாம்க்கா, ஃபீல் வராது" என்றான். கடைக்குப் பின்னால் வெந்நீர் போட ஒரு விறகடுப்பு இருக்கிறது. அதன் மேல் மண்சட்டி ஏறியது. என் கழுத்துச் செயினைக் கழற்றச் சொன்னான், ஒரு பழைய புடவையையும் எடுத்து நீட்டினான். செயினைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லி ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். புடவையை மட்டும் மாற்றினேன்.

"சமைக்கறது இவருப்பா" என்றேன்.

"அது தெரியும்க்கா. வீடியோவுக்கு அம்மா கைதான் நிக்கும்."

என் வீட்டுக்காரருக்கு ஆட்சேபணை இல்லை. கேமரா முன்னால் நிற்காமல் தப்பித்தோம் என்ற நிம்மதிதான். கேமராவுக்குப் பின்னால் நின்று எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "கரண்டிய அப்டிப் புடிக்காத. அடியில இருந்து கிண்டு. சட்டி புதுசு, வெடிச்சிடப் போவுது." நான் கிண்டினேன். பேச்சு எதுவும் என்னிடம் கேட்கவில்லை. குரல் பிறகு சேர்த்துக்கொள்வோம் என்றான். பக்கத்தின் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டான். "இனிமே நாங்களே பாத்துக்கறோம், நீங்க சமையல பாருங்க" என்றான்.

என் சின்ன வயதில் செங்கத்தில் ஆட்டோவில் மைக் கட்டித்தான் விளம்பரம். ஜவுளிக்கடைக்காரர் சொல்லிக்கொடுத்ததைத் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போவார்கள். அதில் பொய் இல்லையா என்றால் உண்டு. 'குளுகுளு ஷோரூம்' என்பார்கள், போய்ப் பார்த்தால் ஒரு மின்விசிறி சுற்றும். 'கடைசி நாள்' என்று ஒரு மாதம் சொல்வார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டே போய் வாங்குவோம். அந்த மைக்செட்காரர் ஒரு நாளும் கடை முதலாளி செத்துவிட்டார், பாவம் பார்த்து வந்து வாங்குங்கள் என்று கத்தியதில்லை.

வட்டம் சுற்றிய வீடியோ

வீடியோ வந்துவிட்டது என்று பிரவீன் செய்தி அனுப்பினான். கடையில் இருந்தபடியே திறந்தோம். என் முகம் வந்தது, சட்டியில் புகை வந்தது, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மேட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தோம். அதற்கு நேரமே கிடைக்கவில்லை. அந்த வார இறுதியில் கார்கள் வர ஆரம்பித்துவிட்டன.

அப்படி ஒரு கூட்டத்தை நாங்கள் பார்த்ததில்லை. வந்தவர்கள் நடந்துகொண்டதுதான் புரியவில்லை. ஒரு அம்மா என் கையைப் பிடித்து, கண் கலங்கி, "தைரியமா இருங்க" என்றார். இன்னொருவர் ஒரு பை நிறையப் பழைய துணிகளை வைத்துவிட்டுப் போனார். பட்டணத்துக்காரர்கள் பழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். கை கழுவப் பின்பக்கம் போன ஒரு பெரியவர், என் வீட்டுக்காரரைத் தட்டிக்கொடுத்து, "அந்தம்மாவுக்கு யாரும் இல்ல, விசுவாசமா வேலை செய்யிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும் "சரிங்க" என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்து, "யாரோ பெரியவரு, நல்ல மாதிரி பேசினாரு" என்றார்.

வீடியோவில் எங்கள் இரண்டு பேர் நம்பரும் இருந்தது. கடையில் டவர் வந்து வந்து போகும். வருகிற நேரமெல்லாம் போன் அலறும். எடுத்தால் ஒரு 'ஐயோ பாவம்', அதற்குள் விட்டுப்போகும். கறி வெட்டவும் முடியவில்லை, கணக்குப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டு போனையும் அணைத்து அலமாரியில் வைத்தேன்.

செங்கத்தில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் என் அண்ணன் அந்த நாட்களில்தான் எங்களுக்கு விடாமல் போன் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அண்ணன் காட்டியது

ஒப்பாரி நின்ற அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். அண்ணி என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் தன் போனை எடுத்து நீட்டினார். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோ. அதனால் வட்டம் சுற்றாமல் ஓடியது.

ஒரு பெண் குரல், சோகமான பின்னணி இசையோடு சொன்னது: "புருஷனை இழந்தும் கலங்காம, இந்த மலைமேல ஒத்தையா நின்னு சமைக்கிறாங்க இந்த அம்மா." கடையின் பெயர் 'மலைமேல அம்மா மெஸ்' என்று மாறியிருந்தது. பலகை எங்கேயும் இல்லை. என் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது.

நான் பொட்டு இல்லாமல் ஒரு நாளும் கடைக்கு வந்ததில்லை. அன்றைக்கும் வைத்துக்கொண்டுதான் சட்டியைக் கிண்டினேன். அதைத் துடைத்திருக்கிறார்கள். புருஷனை இழந்தவர்கள் பொட்டு வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக வைக்கட்டும், நான் அந்தச் சட்டம் பேசுகிறவள் இல்லை. என் பொட்டில் கை வைக்க இவன் யார்? பக்கத்தில் நின்று எனக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷனைச் சாகடிக்க இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

"மலையில டவரு இல்லாம சொல்ல முடியாம போச்சின்னு நெனச்சோம்மா" என்றார் அண்ணன். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இன்னான்னு நெனைக்கறது சொல்லு."

என் வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு வாட்டி போடுங்க மச்சான்" என்றார். இன்னொரு முறை ஓடியது. முழுசாகக் கேட்டார். அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்துத் தன் கையால் சோறு போட்டார். அண்ணி அழுதுகொண்டே சாப்பிட்டார். இருந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் காலை பற்றவைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "செத்தவன் சமைச்சத யாரு சாப்டுவாங்க" என்றார்.

கோபித்துக்கொண்டவர் மாதிரிகூட இல்லை. கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். வாசலில் கார்கள் வந்து நின்று, ஹாரன் அடித்து, திரும்பிப் போயின. நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். கடைசியில் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஊர விட்டு வந்து இந்த மலையில நான் சம்பாரிச்சது அந்தப் பலகையில கீற பேரு ஒண்ணுதான் வசந்தா. அதயும் எடுத்துட்டாங்க. அத வாங்கினு வா, பத்தவெக்கறேன்."

வேலூர் மாடியில்

அண்ணன் ஊருக்குத் திரும்பாமல் இருந்தார். அண்ணியைக் கடையில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மலையிறங்கிப் போளூர் வழியாக வேலூர் போனோம். பிரவீனின் ஆபீஸ் ஒரு செருப்புக்கடைக்கு மேலே மாடியில். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் என் முகம். ஆள் உயரத்துக்கு, பொட்டில்லாமல். அதற்குக் கீழே 'எங்கள் வெற்றிக் கதை' என்று எழுதியிருந்தது.

பிரவீன் எழுந்து வந்து, "வாங்கக்கா, ஜூஸ் சொல்லட்டுமா" என்றான். அவனுக்கு எதுவுமே உறைக்கவில்லை.

"எந்தக் கையால அழிச்சே?" என்றேன்.

"என்னதுக்கா?"

"பொட்ட."

"கையால இல்லக்கா. ஆப்ல ஒரு டச் பண்ணா போயிடும்."

அவன் பொறுமையாக விளக்கினான். என் வீட்டுக்காரர் கேமராவில் செட் ஆகவில்லையாம். குடும்பமாக நின்றால் யாரும் பார்ப்பதில்லையாம். பார்க்கிறவர்களுக்குப் பாவம் என்று தோன்றினால்தான் நாலு பேருக்கு அனுப்புவார்களாம். "உங்களுக்குக் கூட்டம் வந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்கக்கா" என்றான்.

"வந்துச்சு. சாப்புட வரல, துக்கம் விசாரிக்க வந்துச்சு."

அண்ணன், கூடவே எடுத்து வந்திருந்த மஞ்சள் பையில் இருந்து அந்தக் கோடிப் புடவையை எடுத்து அவன் மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, உங்கப்பா நல்லா கீறாரா?"

"இருக்காரு சார்."

"இத எடுத்துட்டுப் போய் உங்கம்மா கையில குடு. இன்னாத்துக்குன்னு கேப்பாங்க. ஒரு வீடியோவுக்குன்னு சொல்லு."

பிரவீன் அந்தப் புடவையைத் தொடவில்லை. முகம் மாறிவிட்டது. உட்கார்ந்து பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தான், சுவரில் இருந்த படத்தையும் தானே கழற்றினான். நாங்கள் படியிறங்கும்போது, "சார், புடவைய வெச்சிட்டுப் போறீங்க" என்று மேலே இருந்து கூப்பிட்டான். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படி விட்டுவிட்டு வந்தது சரியா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் டவருக்குக் குறைச்சலில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன், அந்த வீடியோவை நீக்கினேன், பக்கத்தின் பெயரை மறுபடி 'கோதண்டம் மெஸ்' என்று எழுத்துக் கூட்டி அடித்தேன். ஊருக்கு வந்து அவரிடம் காட்டினேன். வாய்விட்டு ஒரு தரம் படித்தார். போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

நானே எடுத்தது

அடுத்த வீடியோவை நானே என் போனில் எடுத்தேன். இசை கிடையாது, குழம்பு கொதிக்கிற சத்தம்தான். "இவர் கோதண்டம், என் வீட்டுக்காரர். நல்லா இருக்கார். குழம்பு வைக்கிறது எப்பவும் இவர்தான்" என்று சொன்னேன். அவர் கேமராவைப் பார்க்காமல் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டில் நின்று கடைசி வரை சத்தத்தோடு ஓட்டிப் பார்த்த பிறகுதான் போட்டேன்.

அதற்குக் கீழே வந்த பேச்சை இங்கே முழுசாக எழுத முடியாது. 'இது ரெண்டாவது புருஷனா' என்று ஒருவன். 'பாவம்னு நெனச்சோம், ஏமாத்திட்டாங்க' என்று பலர். ஒருத்தி சிரிக்கிற பொம்மை மட்டும் போட்டிருந்தாள். என் புருஷன் உயிரோடு இருப்பது இவர்களுக்கு நான் செய்த மோசடி ஆகிவிட்டது. செத்திருந்தால் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். வந்த வேகத்தில் கூட்டம் போய்விட்டது. போகட்டும். கடை ஆரம்பிக்கிற பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன்: வீட்டுச் சாவியை வழியில் போகிறவனிடம் கொடுக்க மாட்டீர்கள் இல்லையா, பாஸ்வேர்டையும் கொடுக்காதீர்கள். உங்கள் முகத்தை வைத்து என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வெளியே விடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பு என் கையைப் பிடித்துக் கண் கலங்கிய அந்த அம்மா குடும்பத்தோடு வந்தார். உட்காரவில்லை. கல்லா முன்னால் நின்றுகொண்டார்.

"அன்னிக்கு உங்க கையப் பிடிச்சிட்டுப் போய் கார்ல அழுதேன். வீட்ல சாமி கும்பிடும்போது உங்களையும் சேத்துக் கும்பிட்டேன். எல்லாம் பொய்யா?" என்றார்.

அந்த அம்மாவின் கோபமும் என் கோபமும் ஒரே ஆளால் வந்தது. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள், அடுப்படியில் இருந்து என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். கையில் இலையும் குழம்புக் கிண்ணமும். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அந்த அம்மா அவரைத் தலை முதல் கால்வரை பார்த்தார். "நீங்க நெஜமாவே உயிரோடதான் இருக்கீங்களா?" என்றார்.

அவர் மேஜையில் இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, சாமைச் சோற்றை வைத்தார். குழம்பை ஊற்றினார்.

"சாப்ட்டுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அந்த அம்மா உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் குழம்பு தீர்ந்தது. நான் கல்லாவில் இருந்து எழுந்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "கோதண்டம் அண்ணே, இன்னும் கொஞ்சம் குழம்பு" என்று கூப்பிட்டார்.